ஆறாவது ஜன்னல்

காற்று வராது என்று நன்றாகத் தெரிந்த ஜன்னல்களில் ஜன்னல்காரர் காலையிலிருந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் மெழுகுவத்தி. அதை ஏற்றி ஜன்னல் ஓரமாக மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று மெல்ல நகர்த்துவார். சுடர் ஆடினால் அங்கே இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து ஜன்னல்களில் ஒன்றில்கூடச் சுடர் இம்மியும் அசையவில்லை. அசையாது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அந்த ஐந்தையும் அடைத்தவரே அவர்தான். அப்படியிருந்தும் கூடத்து ஜன்னலை மட்டும் மூன்று தடவை பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் தொழில் செய்தவர் ஒரே ஜன்னலை மூன்று தடவை பார்க்கிறார் என்றால், எதையோ தள்ளிப்போடுகிறார் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவர் தள்ளிப்போட்டது ஆறாவது ஜன்னலை. படுக்கையறை ஜன்னல்.

இந்தக் குளிர் ஊரில் ஜன்னல் எப்படி வைக்கிறார்கள் என்று கொஞ்சம் சொன்னால்தான் இவர் செய்த காரியம் விளங்கும். சுவரில் விட்டிருக்கும் திறப்பு, ஜன்னல் சட்டத்தைவிடச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கும். சட்டத்தை உள்ளே நிறுத்தி, அது ஆடாமலிருக்க அங்கங்கே மர ஆப்பு செருகுவார்கள். ஆப்புக்கும் ஆப்புக்கும் நடுவே வெறும் சந்து. அந்தச் சந்தில் டப்பாவிலிருந்து ஃபோமைப் பீய்ச்சினால் அது நுரையாகப் பொங்கி, இறுகி, காற்று நுழைய முடியாமல் அடைத்துவிடும். அதற்கப்புறம்தான் சட்டத்தைச் சுற்றி ஓரப்பலகை அடித்து அழகாக மூடுவது. பலகை ஏறிவிட்டால் உள்ளே ஃபோம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று அடித்தவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஆறாவது ஜன்னலில் ஒன்றுமே இல்லை. ஐந்து மாதமாக அதைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

முந்தின நாள் அந்த வீட்டுப் பெண் போன் செய்தாள். "அண்ணா, நீங்க வச்ச ஜன்னல்தான். ஹீட்டர் போட்டாலும் அம்மா ரூம் மட்டும் சூடாக மாட்டேங்குது. அடுத்த வாரம் நான் குழந்தையோட இங்கயே வந்துடறேன். பொண்ணு அந்த ரூம்லதான் தூங்கணும். வந்து பாக்கறீங்களா?" என்றாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் இவர், வாய்க்கு வந்ததை.

"அம்மா போயி ரெண்டு மாசம் ஆச்சுண்ணா."

அதற்கப்புறம் அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

காலையில் அவளே வந்து கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அப்பா அந்த ரூமைப் பாக்க வேணாம்னு சொல்லுவாரு. நீங்க காதுல போட்டுக்காதீங்க, பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அப்பா, அதாவது வீட்டுக்காரப் பெரியவர், முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க வாடகை வீடு. ஓய்வு பெற்ற கையோடு இந்த வீட்டைக் கட்ட ஆரம்பித்தார். சுவர் எழும்பும்போதே மனைவிக்கு நுரையீரலில் நோய் எழும்பிவிட்டது. இப்போது கூடத்து நாற்காலியில், வீட்டுக்குள்ளேயே தடிமனான மேல்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இவர் மெழுகுவத்தியோடு அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு தம்பி?"

"இந்த அஞ்சும் சரியா இருக்குங்க."

"அப்ப விடுங்க. அந்த ரூம்ல ஒண்ணுமில்ல. ஆள் இல்லாத ரூம் அப்படித்தான் ஜில்லுனு இருக்கும்."

விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்காரரே வேண்டாம் என்கிறார். ஆனால் அடுத்த வாரம் அங்கே ஒரு குழந்தை படுக்கப்போகிறது. கல்நெஞ்சக்காரர் இல்லை நம் ஜன்னல்காரர், சோம்பேறியும் இல்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மாவை அன்று மாலை நான்கு மணிக்கு நேரே புது வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. பெரியவர் மத்தியானத்திலிருந்தே குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, அவ வர்றப்போ ஜன்னல் எலும்பும் தோலுமா நிக்கக் கூடாது. பலகையெல்லாம் ஏறியிருக்கணும். வாழ்க்கையில மொத தடவையா சொந்த வீட்டுக்குள்ள வர்றா" என்று நூறு தடவை சொன்னார். ஐந்து ஜன்னல் முடிந்தது. ஆறாவதுக்குக் கையை வைத்தால் ஃபோம் டப்பா புஸ்ஸென்று காற்றை விட்டுவிட்டு ஓய்ந்தது. கடை ஒரு மணி நேரத் தொலைவு. மணி இரண்டரை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த ஜன்னலில் என்ன வேலை மிச்சம் என்று அந்தந்தச் சட்டத்தின் மேலேயே பென்சிலால் எழுதிவைப்பார். தாளில் எழுதினால் தொலையும், மனதில் எழுதினால் மறக்கும், மரம் எங்கேயும் போகாது என்பார். அன்றும் அப்படியே 'ஃபோம் பாக்கி' என்று சட்டத்தின் மேல்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார். திங்கட்கிழமை வந்து பலகையைக் கழற்றி அடைத்துவிடலாம் என்று நினைத்தார். அப்புறம் அந்த எழுத்தின் மேலேயே ஓரப்பலகையை வைத்து ஆணி அடித்தார். ஞாபகத்துக்கு எழுதிய சீட்டை உறைக்குள் போட்டு ஒட்டித் தானே புதைத்த மாதிரி. சிரிப்பு வருகிறதா? அவருக்கும் வேறொருவர் கதையாக இருந்தால் வந்திருக்கும்.

நான்கு மணிக்கு அம்மா வந்தாள். தையல்காரம்மா என்றுதான் பழைய தெருவில் அவளுக்குப் பெயர். மகள் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் படுக்கையறை ஜன்னலுக்கு முன் நின்றாள். ஓரப்பலகை இரண்டும் சேர்கிற மூலையில் விரலை வைத்துத் தடவினாள். "மூலை எவ்வளவு சுத்தமா சேந்திருக்கு, தம்பி! துணியில எனக்கு இப்படி ஒரு மூலை வந்தா யாருக்கும் குடுக்க மாட்டேன். நானே வச்சுப்பேன்" என்றாள். பேசினதற்கே மூச்சு வாங்கியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

திங்கட்கிழமை வேறொரு கட்டடத்தில் வேலை தொடங்கியது. அறுபது ஜன்னல், தலைக்கு மேல் வேலை. ஒரு நாள் பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. இன்னொரு நாள் இந்த வழியாக வண்டியில் போகும்போது வந்தது. இரண்டு தடவையும் நாளைக்கு என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் நினைவே வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்.

"உங்க பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கு ஐயா. ஒரு பார்வை பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, பெரியவர் முகத்தைப் பார்க்காமல் படுக்கையறைக்குள் போனார்.

கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. போர்வை மடித்து வைத்தபடி இருந்தது. ஜன்னலில் கனமான திரை, தையல்காரம்மாவே தைத்தது போலும். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. திரையை ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஓரப்பலகையை ஒட்டினாற்போலச் சுவரில் நீலச் சாக்கட்டியால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். தையல்காரர்கள் துணியில் குறி போடுகிற சாக்கட்டி. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று, மேலே இரண்டு, கீழே ஒன்று. மொத்தம் ஒன்பது.

"அதுவா..." என்றது பின்னாலிருந்து பெரியவர் குரல். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. "அவ போட்டது. வந்த ரெண்டாம் நாள்லேர்ந்து காத்து வருது, காத்து வருதுன்னு ஒரே பல்லவி. நூல் ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு, எந்திரிச்சு உக்கார முடியுறப்போ எல்லாம் செவுத்து ஓரமா நகத்திக்கிட்டே இருப்பா. எங்க நூல் ஆடுதோ அங்க ஒரு குறி. கீழ கட்டில் மறைக்குது, அதனால ஒண்ணோட விட்டுட்டா."

"ஓ" என்றார் ஜன்னல்காரர்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். இந்த மருந்துக்கு அப்படித்தான், இல்லாததெல்லாம் உடம்புல தெரியும்னாரு. நானும் அதையே அவகிட்ட சொன்னேன். கட்டிலை அந்தப் பக்கம் மாத்திப் போடுங்கன்னு ஒரு நாள் அழுதா. எனக்கும் தூக்கமில்ல, அலுப்பு. மூடின ஜன்னல்ல காத்து எங்கேர்ந்துடி வரும், புத்தி பேதலிச்சுப் போச்சான்னு கத்திட்டேன். அதோட விட்டுட்டா. கடைசி இருபது நாள் அந்தப் பேச்சே எடுக்கல. போர்வையைக் காதுவரைக்கும் இழுத்துக்கிட்டு செவுத்துப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துப்பா. இதைத் தொடைக்கலாம்னு எத்தனையோ நாள் துணி எடுத்துட்டு வந்தேன், கை வரல."

சொல்லிவிட்டு அவர் கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜன்னல்காரர் அந்தக் குறிகளையே பார்த்தார். வேறு யாராவது பார்த்தால் நோயாளியின் கிறுக்கல். அவருக்கு அப்படித் தெரிய வழியில்லை. பலகைக்குப் பின்னால் எங்கெங்கே ஆப்பு வைத்தோம் என்று அவர் கைக்குத் தெரியும். ஆப்பு இருந்த இடம் எதிலும் குறி இல்லை. ஆப்புக்கும் ஆப்புக்கும் நடுவே, சந்து இருந்த இடமாகப் பார்த்து ஒவ்வொரு குறி. கண்ணால் பார்க்க முடியாததை ஒரு சாண் நூலை வைத்துக்கொண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தவள் அளந்து வைத்திருந்தாள். அவரே மெழுகுவத்தி வைத்துப் பார்த்திருந்தாலும் இதைவிடத் துல்லியமாகப் போட்டிருக்க மாட்டார்.

தட்டையான சின்னக் கடப்பாரையைப் பலகைக்கு அடியில் செருகி நெம்பினார். மேல்பலகை கிரீச்சென்று கழன்று வந்தது. கூடவே ஐந்து மாதமாக அடைபட்டிருந்த குளிர் முகத்தில் அறைந்தது. அங்கே, சட்டத்தின் மேல், அவருடைய கொட்டை எழுத்து: ஃபோம் பாக்கி. ஒரு எழுத்தும் அழியவில்லை. மரம் எங்கேயும் போகாது என்று அவர் சொன்னது சரிதான்.

பலகை கழன்ற சத்தத்துக்குக் கூடத்து நாற்காலி நகர்ந்தது. காலடி வந்தது. ஜன்னல்காரர் யோசிக்கவே இல்லை. இடுப்புப் பையிலிருந்து ஒட்டு டேப்பைக் கிழித்து அந்த எழுத்தின் மேல் ஒட்டினார்.

பெரியவர் இந்தத் தடவை உள்ளே வந்தார். சந்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன தம்பி இது? ஓட்டையா?"

"இடைவெளி விழுந்திருக்குங்க."

"எப்போலேர்ந்து?"

கேள்வி அவ்வளவுதான். அந்த மனிதர் இரண்டு மாதமாக எதற்குப் பயந்து இந்த அறையைப் பூட்டாமல் பூட்டி வைத்திருந்தாரோ, அந்தக் கேள்வி. பெரியவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஜன்னல்காரர் வாய் தானாகப் பேசியது.

"புது வீடுல்லீங்களா ஐயா. மரம் காயக் காயச் சுருங்கும். செவுரும் கொஞ்சம் உக்காரும். இது இப்ப விழுந்ததுதான். மிஞ்சிப்போனா ஒரு மாசம் இருக்கும்."

"அப்ப... அவ இருந்தப்போ இது இல்ல?"

"இல்லீங்க."

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்தார். பெருமூச்சு விட்டார். முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி தோள் இரண்டும் தளர்ந்தன. "அப்பாடா" என்றார். "தம்பி, நான் என்னென்னமோ நினைச்சுக் குமைஞ்சுக்கிட்டிருந்தேன். டாக்டர் சொன்னதுதான் சரி. பாவம், மருந்து அவளை அந்த ஆட்டு ஆட்டியிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தார். "பாருங்களேன், ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைச்சவ, கடைசியில புத்தி தடுமாறி செவுத்துக்கு அளவெடுத்திருக்கா! இருங்க, டீ போடறேன். அப்படியே ஒரு ஈரத்துணி கொண்டாறேன். இந்தக் கிறுக்கலைத் தொடைச்சுடலாம், குழந்தை வர்ற ரூம்."

சமையலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நல்ல பொய்தான் சொன்னோம் என்று ஜன்னல்காரர் தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். இவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி, செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது. காற்றா அவளைக் கொன்றது? இல்லை, நோய்தான் கொன்றது. சந்தை அடைத்திருந்தாலும் அவள் போயிருப்பாள்.

எல்லாம் சரிதான். ஆனால் அவள் சரியாகச் சொன்னாள். ஒன்பது இடம், ஒன்பதும் சரி. அவள் புத்தி கடைசிவரை ஊசிமுனை மாதிரி இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி அந்த நீலக் குறிகள். அதைத் துடைக்கத்தான் இப்போது துணி நனைகிறது. என் மூலையை மெச்சினாளே, என்று நினைத்தார்.

பெரியவர் ஒரு கையில் டீயும் மறு கையில் ஈரத்துணியுமாக வந்தார்.

"தொடைக்காதீங்க ஐயா" என்றார் ஜன்னல்காரர்.

டேப்பை உரித்தார்.

பெரியவர் படித்தார். புரியவில்லை. மறுபடி படித்தார்.

"என் எழுத்துங்க. அன்னிக்கு, அம்மா வந்த அன்னிக்கு எழுதுனது. ஃபோம் தீந்து போச்சு. திங்கக்கிழமை வந்து அடைக்கலாம்னு எழுதிட்டு, அதுக்கு மேலயே பலகையை அடிச்சுட்டேன். திங்கக்கிழமை வரல. வரவே இல்ல. இப்ப விழுந்த இடைவெளின்னு சொன்னது பொய்யிங்க. மொத நாள்லேர்ந்தே இருக்கு. அம்மா போட்ட ஒம்பது குறியும் ஒம்பது சந்து. ஒண்ணுகூடத் தப்பில்ல."

டீயைப் பெரியவர் மெதுவாகத் தரையில் வைத்தார். அடிக்க வருவார் என்று ஜன்னல்காரர் எதிர்பார்த்தார். வந்திருந்தால் அவருக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏன் சொன்ன?" என்றார் பெரியவர். அதுவரை இருந்த மரியாதை பேச்சில் போய்விட்டது. "நிம்மதியாத்தானே இருந்தேன், ரெண்டு நிமிஷம். ஏன் சொன்ன?"

"அவங்க சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னு..."

"போயிடு." அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜன்னல்காரர் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார். கடப்பாரையைப் பையில் வைக்கும் முன்னே மறுபடி குரல் வந்தது. "போகாத. இரு."

பெரியவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இழுத்தார். உள்ளே நூல் கண்டு, கத்தரிக்கோல், தேய்ந்த நீலச் சாக்கட்டி. ஒரு சாண் நூலை அறுத்தார். இரண்டு விரலால் நுனியைப் பிடித்து, இடது பக்கத்து முதல் குறிக்கு நேரே தொங்கவிட்டார். நூல் நடுங்கியது. கொஞ்சம் கீழே இறக்கினார், ஆப்பு இருந்த இடத்துக்கு. நின்றது. இரண்டாவது குறி. நடுங்கியது.

ஒன்பதையும் பார்த்தார். கீழே இருந்த குறிக்காகக் கட்டிலின் மேல் முழங்கால் போட்டுக் குனிய வேண்டியிருந்தது. அவள் படுத்திருந்த இடம். அங்கே நூல் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியது. அவள் தலை வைத்திருந்த உயரம் அது. அவர் கன்னத்தைச் சுவரோரம் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"ஆமாம்மா" என்றார். "காத்து வருது."

அப்புறம் அழுதார். சத்தம் போட்டு, வெட்கமில்லாமல். "இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாமே. ஆமா, வருதுன்னு ஒரு வார்த்தை. கட்டிலை அந்தப் பக்கம் தள்ள அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?" ஜன்னல்காரரைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா தெரியாது. ஜன்னல்காரரும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

வெகு நேரம் கழித்துப் பெரியவர் எழுந்து கட்டிலை இழுத்து ஒதுக்கினார். "அடை" என்றார்.

மிச்சப் பலகைகளையும் கழற்றி, சந்தில் தண்ணீர் தெளித்து, கீழிருந்து மேலாக ஃபோமைப் பீய்ச்சினார் ஜன்னல்காரர். அதிகம் பீய்ச்சினால் பொங்கிச் சட்டத்தை வளைத்துவிடும், குறைந்தால் இடுக்கு நிற்கும். அவர் வாழ்க்கையில் ஒரு சந்தையும் இவ்வளவு கவனமாக அடைத்ததில்லை. இறுகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று. பிதுங்கியதைச் சீவி, பலகையை எடுத்தபோது பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த எழுத்து அப்படியே இருக்கட்டும். செவுத்துல அவ போட்டதும் இருக்கட்டும். பேத்தி கேட்டா சொல்லுவேன்." பிறகு, "உன்னை மன்னிப்பேன்னு நினைக்காத. என்னையே என்னால முடியல" என்றார்.

"சரிங்கய்யா."

பலகைகள் ஏறின. மூலைகள் முன்போலவே சுத்தமாகச் சேர்ந்தன. பெரியவர் நூலை மறுபடி எடுத்தார். முதல் குறி. நூல் நேராகத் தொங்கியது. இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை போனார். எங்கேயும் அசையவில்லை. கடைசிக் குறிக்கு எதிரே நூலைப் பிடித்தபடியே, ஒதுக்கிப் போட்ட வெறுங்கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப வரலம்மா" என்றார். "தூங்கு."